ஏலமா, நிலைவிலையா?

வைகறைப் பொழுதிலே பாசையூர்க் கடற்கரைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். இரவெல்லாம் கடலோடு போராடிய தொழிலாளர் கரை சேர்ந்ததும் அவர்கள் கொணர்ந்த மீன் குவியல் குவியலாக வைக்கப்படுகின்றது. ஏலங் கூறுபவர் ஒரு தொகையைச் சொல்லித் தொடங்குகின்றார். சூழ்ந்து நிற்கும் வியாபாரிகள் ஏற்றிக் கேட்கின்றனர். சில நிமிடங்களில் குவியல் கைமாறிவிடுகின்றது. அங்கிருந்து வீடு திரும்பும் வழியிலே பலசரக்குக் கடையொன்றினுள் நுழைகின்றோம். சீனிக்கு ஒரு விலை. சவர்க்காரத்துக்கு ஒரு விலை. அங்கே எவரும் ஏலங் கேட்பதுமில்லை. கேட்டாலும் கடைக்காரர் பொறுப்பதுமில்லை. ஒரே ஊரிலே, ஒரே காலைப்பொழுதிலே, ஒரே மக்களிடையே வாணிகம் இருவேறு முறைகளில் நடைபெறுகின்றது. இஃது ஏன்?

இவ்வினா முன்னர் வணிகருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. இன்றோ நம்மில் எவரும் ஒரு நாளைக்கு விற்பனையாளராகிவிடக் கூடும். வீட்டிலே பயன்படாது கிடக்கும் கணினியை, கையடக்கத் தொலைபேசியை, பழைய நூல்களை இணையத்தின் வழியே முன்பின் அறியாதவருக்கு விற்கும் காலம் இது. பொருளின் படத்தை இட்டவுடனே நம்மை எதிர்நோக்கும் முதற் கேள்வி, ஏலத்தில் விடுவதா, விலையைக் குறித்து வைப்பதா என்பதே. இக்கேள்விக்கு விடை காண்பதே எனது இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

நேயர்களே, குறித்த விலை என்பது நாம் நினைக்குமளவுக்குப் பழைமையான வழக்கமன்று. உலகின் பல நாடுகளிலும் நெடுங்காலம் பேரம் பேசுதலே நியதியாயிருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் என்னும் சமயக் குழுவினர், ஆளுக்கொரு விலை கூறுவது பொய்யுரைப்பதற்கு ஒப்பாகும் எனக் கருதி, யாவர்க்கும் ஒரே விலை என்னும் விதியைக் கைக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரின் ‘பொன் மார்ஷே’ போன்ற பெருங்கடைகள் பொருள்தோறும் விலைச்சீட்டைத் தொங்கவிட்டு, அவ்வழக்கத்தைப் பரப்பின. நூற்றுக்கணக்கான ஊழியர் பணிபுரியும் கடையிலே ஒவ்வொருவரும் பேரம் பேசிக்கொண்டிருத்தல் இயலாதன்றோ? நேர்மையும் வசதியும் ஒருங்கே சேர்ந்து நிலைவிலையை நிலைபெறச் செய்தன.

ஏலமோ மிகத் தொன்மையானது. கி.பி. 193ஆம் ஆண்டிலே உரோமச் சக்கரவர்த்தியைக் கொன்ற மெய்காவற் படையினர் அரியணையையே ஏலத்தில் விட்டனர் என்பது வரலாறு. அதிகந் தருவதாகக் கூறிய திதியஸ் யூலியானஸ் என்னும் செல்வர் சக்கரவர்த்தியானார். ஆயினும் இரு திங்கள் கடந்து சில நாட்களில் பதவியையும் உயிரையும் ஒருங்கே இழந்தார். ஏலத்தில் வென்றவரே சிலவேளை பெருந்தோல்வி அடைகின்றார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நமது நாட்டிலும் ஏலத்துக்கு ஒரு பெருங் களம் உண்டு. கொழும்பிலே 1883ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆந் திகதி முதன்முறையாகத் தேயிலை பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கின்றது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்று நோயினால் மக்கள் ஓரிடத்திற் கூடல் இயலாதுபோன போது, ஏப்பிரல் மாதத் தொடக்கத்திலே இவ்வேலம் கணினி வழிக்கு மாறியது. நூற்றாண்டுக்கு மேலாக மண்டபத்திலே குரலெழுப்பிக் கேட்டுவந்தவர்கள் திரையிலே தொகையைப் பதியலாயினர். இடம் மாறியதே யன்றி முறை மாறவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

தேயிலையை ஏன் ஏலத்தில் விடுகின்றனர்? ஒரு தோட்டத்துத் தேயிலை போல் மற்றொரு தோட்டத்துத் தேயிலை இராது. ஒரே தோட்டத்திலும் மழைக்கேற்ப, காற்றுக்கேற்ப, வாரத்துக்கு வாரம் சுவையும் மணமும் வேறுபடும். ஆதலால் இதன் விலை இன்னது என முன்கூட்டியே எவராலும் உறுதியாகக் கூறல் இயலாது. மீனும் அவ்வாறே, மேலும், அது காத்திருக்கவும் மாட்டாது. சீனியோ ஒரு மூடைக்கும் மறு மூடைக்கும் வேறுபாடில்லாதது. அதன் விலையை ஊரே அறியும். இதிலிருந்து முதல் விதி ஒன்று பெறப்படுகின்றது. விலையை விற்பவரும் வாங்குபவரும் நன்கு அறிந்திருப்பின் ஏலத்துக்கு அங்கே வேலையில்லை. விலை அறியப்படாதவிடத்தே ஏலமே விலையைக் கண்டறியும் கருவியாகின்றது.

இணைய ஏலத்தின் கதையும் இவ்விதியையே உறுதிப்படுத்துகின்றது. 1995ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பியர் ஒமிடியார் என்னும் இளைஞர் ஓர் ஏலத்தளத்தை ஆரம்பித்தார். பின்னர் ‘ஈபே’ எனப் பெயர் பெற்றது அதுவே. அங்கு முதன்முதல் விற்பனையான பொருள் பழுதடைந்த லேசர் சுட்டுவிளக்கு ஒன்று. அதற்குக் கிடைத்த விலை 14 டொலர் 83 சதம். வியப்புற்ற ஒமிடியார், பொருள் பழுதானது என்பதை அறிவீரா என வாங்கியவரை வினவினாராம். பழுதான சுட்டுவிளக்குகளைச் சேகரிப்பதே தமது பொழுதுபோக்கு என அவர் விடையிறுத்தாராம். நிலைவிலை குறிக்குமாறு பணித்திருந்தால், அந்த விளக்குக்கு எவர்தாம் பதினான்கு டொலர் குறித்திருப்பர்?

ஆயினும் அத்தளத்திலேயே காலப்போக்கில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 2000ஆம் ஆண்டிலே குறித்த விலைக்கு உடனே வாங்கிக்கொள்ளும் வசதி புகுத்தப்பட்டது. அப்பத்தாண்டின் இறுதிக்குள் நிலைவிலை விற்பனை ஏல விற்பனையை முந்திவிட்டது. லிரான் எய்னவ் என்பவரும் அவருடன் மூவரும் இதனை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டனர். வாங்குவோர் ஏலத்தின்பாற் கொண்டிருந்த விருப்பங் குன்றியதே மாற்றத்துக்குப் பெருங்காரணம் என்பது அவர்கள் முடிபு. ஏலம் புதுமையாயிருந்தபோது அஃது ஒரு விளையாட்டாக மகிழ்வித்தது. புதுமை கழிந்தபின் ஏழு நாட்கள் காத்திருக்க எவர் விரும்புவர்? அவர்கள் கண்ட மற்றோர் உண்மையும் நமக்குப் பயனுடையது. நிலைவிலையில் விற்ற பொருளுக்குக் கூடுதலான விலை கிடைத்தது. ஆனால் விற்காமற் கிடப்பதும் அங்கே மிகுதி. ஏலத்திலே விலை குறைந்தது. ஆனால் விற்பனையாகும் வாய்ப்பு மிகுந்திருந்தது. அஃதாவது, ஒன்று விலையை நாடுவது. மற்றது விரைவை நாடுவது.

இனி, ஏலத்தில் விலை எவ்வாறு உருவாகின்றது என்பதை உற்று நோக்குவோம். ஒரு பொருளுக்கு 5,000 ரூபா வரை கொடுக்க ஒருவர் மனங் கொண்டுள்ளார். அடுத்தவர் 3,200 ரூபா வரை செல்லத் துணிவார். முடிவில் விலை யாது? 3,200 ரூபாவுக்குச் சற்று மேல், அவ்வளவே. இரண்டாமவர் விலகியதும் ஏலம் நின்றுவிடுகின்றது. முதல்வர் உள்ளத்திலிருந்த எஞ்சிய 1,800 ரூபா விற்பவர் கண்ணிற் படுவதே இல்லை. எனவே ஏல விலையைத் தீர்மானிப்பவர் வென்றவர் அல்லர். அவருக்கு அடுத்து நின்று தோற்றவரே. இவ்வுண்மையை 1961ஆம் ஆண்டிலே கணித முறையில் விளக்கியவர் வில்லியம் விக்கிறி என்னும் பொருளியலறிஞர். 1996ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்து மூன்று நாட்களில் அவர் காலமானார்.

இரண்டாமவரே விலையைத் தீர்மானிப்பாரெனின், இரண்டாமவர் இல்லாவிடின் என்னாகும்? பொருள் தொடக்க விலைக்கே போய்விடும். இங்கேதான் அனுபவமற்றோர் பலர் தவறுகின்றனர். இதனைச் சிறு கணக்கொன்றாற் காட்டுகின்றேன், நேயர்கள் பொறுத்தருள்க.

ஒரு பொருளை விரும்புவோர் ஒவ்வொருவரும் அதற்கு மனத்திலே வைத்திருக்கும் மதிப்பு, பூச்சியத்துக்கும் 100 ரூபாவுக்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம் எனக் கொள்வோம். பொருள் விற்காவிடின் நமக்கு அதனாற் பயனில்லை எனவும் கொள்வோம். வாங்க வருபவர் இருவர் மட்டுமாயின், தொடக்க விலை வைக்காத ஏலத்திலே சராசரியாக 33 ரூபா கிடைக்கும். 58 ரூபா என விலை குறித்து வைத்தால், சிலவேளை விற்காமற் போவதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் சராசரி 38 ரூபாவாகும். ஆகவே நிலைவிலையே மேல். மூவர் வருவாராயின், ஏலத்திற் சராசரி 50 ரூபா. ஏற்ற நிலைவிலையாகிய 63 ரூபாவைக் குறித்தாலும் சராசரி 47 ரூபாவே. ஐவர் வரின், ஏலத்துக்கு 67, நிலைவிலைக்கு 58. கூட்டம் பெருகப் பெருக ஏலத்தின் கை ஓங்குகின்றது. கூட்டம் குறையின் அது தளர்ந்து விழுகின்றது.

இருவர் மட்டுமே வரும் ஏலத்தை, ‘50 ரூபாவுக்குக் குறைந்து தரமாட்டேன்’ என்னும் தொடக்க விலையினாற் பாதுகாத்துக்கொள்ளலாம். அப்பொழுது சராசரி ஏறத்தாழ 42 ரூபாவாக உயரும். ஆனால் எந்தப் பாதுகாப்பும் இன்றி மூன்றாமவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் 50 ரூபா கிடைக்கின்றதன்றோ? சாதுரியமாகத் தொடக்க விலை வகுப்பதினும் இன்னும் ஒருவரை ஏலத்துக்கு அழைத்து வருவதே மேலானது என்பதை 1996ஆம் ஆண்டிலே புலோ, கிளெம்பெரர் என்னும் இரு அறிஞர் நிறுவிக் காட்டினர்.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்குகள் என நேயர்கள் எண்ணுதல் கூடும். யானும் ஒருகால் அவ்வாறே எண்ணினேன். எமது அயலிலே வாழும் ஒரு குடும்பத்தின் அனுபவமே என் எண்ணத்தை மாற்றியது.

என்னுடன் பல்லாண்டு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் காலமானார். அவருடைய மகளுக்குத் தூரத்து மாவட்டமொன்றிலே பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. கல்வி இலவசமாயினும் தங்குமிடம், உணவு, பிரயாணம் யாவும் செலவுதானே? ஆசிரியரின் துணைவியார் வீட்டிலிருந்த மூன்று பொருள்களை விற்பதெனத் தீர்மானித்து, என்னிடம் ஆலோசனை கேட்டார். ஒன்று, இரண்டாண்டு பயன்படுத்திய மடிக்கணினி. மற்றொன்று, அம்மையார் இளமையிலே பயின்ற வீணை. மூன்றாவது, ஆசிரியர் இருபது ஆண்டுகளாகச் சேகரித்த தபால் முத்திரைத் தொகுதி. முத்திரை வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, தொகுதி முழுவதற்கும் 15,000 ரூபா தருவதாகச் சொல்லிச் சென்றிருந்தார். அது நல்ல விலையா என அம்மையாருக்குந் தெரியாது, எனக்குந் தெரியாது.

மடிக்கணினி பற்றி ஐயமெதுவும் எழவில்லை. அதேவகைக் கணினிகள் இணைய விளம்பரங்களிலே பல இருந்தன. பத்து விளம்பரங்களைப் பார்த்து, நடுவிலமைந்த விலைக்குச் சற்றுக் குறைவாகக் குறித்தோம். மின்கலம் தளர்ந்திருப்பதை மறைக்காது எழுதினோம். நான்காம் நாள் விற்பனையாயிற்று.

முத்திரைகளைப் பற்றியே பெருங் குழப்பம். கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், இணையத்திலே முத்திரை சேகரிப்போர் குழு ஒன்று ஏலம் நடத்துவதை அறிவித்தார். தொகுதியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து விடுமாறுங் கூறினார். அவ்வாறே முதற் பகுதியை ஏலத்திலிட்டோம். கூட்டஞ் சேரும் என நம்பித் தொடக்க விலையை 200 ரூபாவாக வைத்தோம். ஏலம் முடிவுறும் நேரத்தைக் குறித்தவன் யானே. வியாழக்கிழமை நண்பகல் எனக் குறித்துவிட்டேன். உத்தியோகத்தர் யாவரும் கடமையிலிருக்கும் வேளை அதுவென்பது எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் மட்டுமே கேட்டார். அழகிய முத்திரைகள் பல அடங்கிய அப்பகுதி 200 ரூபாவுக்கே போயிற்று.

அன்று மாலை அம்மையார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “ஐயா, அவர் கண்ணும் கருத்துமாகச் சேர்த்தது இருநூறு ரூபாதானா?” என்று மட்டுங் கேட்டார். எனக்கு மறுமொழி வரவில்லை. முத்திரையைக் கொடாது விட்டுவிடலாமா என்ற எண்ணமும் ஒரு கணம் எழாமலில்லை. அம்மையாரே அதனைத் தடுத்தார். “கேட்டவர் மீது பிழையில்லை, ஐயா. சொன்னதைக் கொடுத்துவிடுவோம்” என்றார். மறுநாட் காலையிலேயே பொதி தபாலிற் சேர்க்கப்பட்டது.

அதன்பின் மூன்று திருத்தங்கள் செய்தோம். முதலாவது, இதற்குக் குறைந்து விற்க மனமொப்பாது என அம்மையார் கருதிய தொகையையே ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்க விலையாக வைத்தோம். இரண்டாவது, ஏலம் முடியும் வேளையை ஞாயிறு இரவு எட்டு மணியாக்கினோம். ஏலங் கேட்போர் பலர் கடைசி நிமிடம் வரை வாளாவிருந்து, முடிவிலேயே கேட்பது வழக்கம். முடியும் நேரம் அவர்கள் ஓய்ந்திருக்கும் நேரமாயிருத்தல் அவசியம். மூன்றாவது, ஒவ்வொரு பகுதிக்கும் முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாகத் தோன்றப் படமெடுத்து, கிழிசலையும் கறையையும் குறிப்பிட்டோம். வாங்கியவரே அடுத்த ஏலத்துக்கு வேறு இருவரை அழைத்துவந்தார். சில பகுதிகள் தொடக்க விலையோடு நின்றன. இரண்டு பகுதிகளுக்கு எவருங் கேட்கவில்லை. ஆனால் ஒரு பகுதிக்கு இருவர் விடாப்பிடியாக மோதிக்கொண்டனர். முடிவிலே கூட்டிப் பார்த்தபோது வியாபாரி சொன்ன தொகையின் இருமடங்குக்கு மேல் சேர்ந்திருந்தது. விலைபோகாத இரண்டு பகுதிகளும் மகளிடமே தங்கிவிட்டன, அதுவும் நன்றே.

வீணையை ஏலத்தில் விட்டோமல்லோம். வீணை வாங்குவோர் நாட்டிலே மிகச் சிலர். அதனைத் தட்டிப் பார்த்து, நாதத்தைக் கேட்ட பின்னரே எவரும் விலை பேசுவர். ஆதலால் நியாயமான விலையைக் குறித்து, பேசித் தீர்க்கலாம் என எழுதிக் காத்திருந்தோம். நான்கு மாதங்கள் கழிந்தபின் ஓர் இசை மாணவியின் தந்தையார் வந்தார். சிறிது குறைத்துக் கேட்டார், அம்மையாரும் இசைந்தார். காத்திருக்க இயன்றமையாலேயே அந்த விலை கிடைத்தது. கணினி விற்ற பணமும் முத்திரைப் பணமும் கையில் இருந்திராவிட்டால், வந்த முதலாமவருக்கே வீணையைக் கொடுத்திருப்போம். பொறுமையும் ஒரு முதல்தான் என்பதை அன்று கண்டேன்.

ஏலம் எப்பொழுதும் விலையை உயர்த்தும் என நம்பிவிடுதலும் கூடாது. பிரித்தானியக் கயானா நாட்டிலே 1856ஆம் ஆண்டு வெளியான ஒரு சதச் செந்நிற முத்திரை உலகில் ஒன்றே ஒன்றுதான் உள்ளது. 1873ஆம் ஆண்டிலே அதனைக் கண்டெடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஆறு சிலிங்குக்கு விற்றான் என்பர். பொருளின் அருமையை அறியாது குறித்த விலைக்குக் கொடுத்தலின் இழப்பு அது. அதே முத்திரை 2014ஆம் ஆண்டு நியூயோர்க் ஏலத்தில் ஏறத்தாழ 95 இலட்சம் டொலருக்குப் போயிற்று. 2021ஆம் ஆண்டு மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது கிடைத்ததோ ஏறத்தாழ 83 இலட்சம் டொலர். பொருள் மாறவில்லை, அன்று கூடியிருந்தவர்கள் மாறினர். ஏலத்தின் பலமும் பலவீனமும் இதுவே.

நேயர்களே, இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். விலை யாவரும் அறிந்ததாய், ஒத்த பொருள்கள் பலவாய் இருப்பின், விலையைக் குறித்து வையுங்கள். பொருள் அரியதாய், விலை அறியப்படாததாய், விரும்புவோர் பலர் ஒரே களத்தில் கூடுவதாய் இருப்பின், ஏலத்தை நாடுங்கள். பொருள் அரியதாயினும் விரும்புவோர் சிலரே எனின், விலையைக் குறித்துப் பொறுத்திருங்கள். பணம் உடனே தேவையாயின், ஏலம் விரைந்து உதவும். அந்த விரைவுக்கும் ஒரு விலை உண்டென்பதை மறவாதீர்கள். எம்முறையாயினும், இழக்க மனமில்லாத தொகைக்குக் கீழே தொடக்க விலையை வைக்காதீர்கள்.

இறுதியாக ஒன்று. இணைய ஏலங்களிலே விற்பவர் தம் நண்பரைக் கொண்டு பொய்யாக ஏற்றிக் கேட்பிக்கும் வழக்கமும் உண்டு. இது களவுக்கு ஒப்பாகும். ஏலத் தளங்களும் இதனைத் தடைசெய்துள்ளன. ஏலம் என்பது பலருடைய உண்மையான விருப்பங்கள் கூடி விலையைக் காணும் முறை. அதனுள்ளே பொய்விருப்பம் ஒன்று புகுமாயின் கிடைப்பது விலையன்று, ஏமாற்றே. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலைமையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அவ்வணிகர் முன்னே வாங்குபவர் முகம் இருந்தது. நமக்கோ அம்முகம் தெரிவதில்லை. முகந் தெரியாதவிடத்தே சொல் ஒன்றே பிணையாகும். இருநூறு ரூபாவுக்குப் போன முத்திரைகளை மறுவார்த்தையின்றிப் பொதிசெய்து அனுப்பிய அம்மையார் அதனை எனக்கு உணர்த்தினார். அன்று அப்பொதியைப் பெற்றவரே பின்னர் மற்றிருவரை அழைத்து வந்தவர் என்பதையும் கூறி, விடைபெறுகின்றேன்.